காதேஷ் போர்க்களத்துக்குக் காலப்பயணிகளை அனுப்பிய அனுபவம்

இன்றைய சிரியாவில் ஹோம்ஸ் நகருக்குத் தென்மேற்கே, ஒரோண்டீஸ் ஆற்றங்கரையில், டெல் நெபி மெண்ட் என்று அழைக்கப்படும் மேடு ஒன்று இருக்கிறது. பழைய காதேஷ் நகரம் அங்குதான் இருந்தது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் பேரரசர் முவத்தல்லியும் அந்த நகரத்தின் அருகே மோதிக்கொண்டார்கள். அந்தப் போருக்கு நம் காலத்திலிருந்து மூவர் செல்வதாக ஒரு அறிவியல் புனைகதை நாவலைத் தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். அக்கால அரசுகள் தமக்குள் கடிதம் எழுதப் பயன்படுத்திய அக்காடிய மொழியை அறிந்த வரலாற்றாய்வாளரான பெண் ஒருவர், ஒரு மருத்துவர், இயந்திரத்தைக் கட்டிய பொறியாளர் ஆகியோரே அந்த மூவர். இத்தகைய கதையை எழுத விரும்பும் பலர் இயந்திரத்தில் தொடங்கி இயந்திரத்திலேயே சிக்கிக்கொள்வதை நண்பர்களின் கைப்பிரதிகளில் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் கதையின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எந்தப் போரைத் தேர்ந்தெடுப்பது என்பதே முதல் கேள்வி. எல்லாம் தெளிவாகத் தெரிந்த போருக்குக் காலப்பயணி சென்று பயனில்லை. அவர் கண்டுபிடிக்க அங்கே எதுவும் இராது. எதுவுமே தெரியாத போரை எழுதினால் எல்லாமே கற்பனையாகிவிடும். வாசகருக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. இரு தரப்பும் சான்றுகளை விட்டுச் சென்றிருக்க வேண்டும், அந்தச் சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட வேண்டும். காதேஷ் இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. ராம்சேஸ் தம் வெற்றியை அபிதோஸ், லுக்சர், கர்னாக், ராமேசியம், அபு சிம்பல் ஆகிய இடங்களில் கோயில் சுவர்களில் சிற்பங்களாகவும் எழுத்தாகவும் பொறிக்கச் செய்தார். படைகள் கைவிட்டு ஓடிய பிறகு, 2500 எதிரித் தேர்களுக்கு நடுவே தாம் தனியாக நின்று வென்றதாக அந்த எழுத்துகளில் ஒன்றான நீண்ட கவிதை கூறுகிறது. ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளோ எகிப்திய அரசரை முவத்தல்லி தோற்கடித்தார் என்றும், ஹிட்டைட் படை டமாஸ்கஸ் பகுதியான அபா வரை முன்னேறியது என்றும் கூறுகின்றன. போருக்குப் பின் காதேஷ் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது. எகிப்தின் பக்கம் சாய்ந்திருந்த அமுர்ரு நாட்டு அரசர் பெந்தெஷினா பதவி நீக்கப்பட்டு, அவருடைய நாடும் மீண்டும் ஹிட்டைட் பிடிக்குள் போனது. போர்க்களத்தில் ராம்சேஸ் தப்பினார், போரின் நோக்கத்தில் தோற்றார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் அந்த ஒரு பிற்பகலில் உண்மையில் என்ன நடந்தது என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தப் பிற்பகல்தான் என் நாவலின் களம்.

அடுத்து ஆண்டு. வரலாற்று நாவல் எழுதுபவர் "கி.மு. 1274 வாக்கில்" என்று எழுதிவிட்டு நகரலாம். காலப்பயணக் கதை எழுதுபவருக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனெனில் இயந்திரத்தில் ஓர் எண்ணைக் குறித்தாக வேண்டும். எகிப்தியக் கல்வெட்டு ராம்சேஸின் ஐந்தாம் ஆட்சியாண்டு, கோடையின் மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள் என்று துல்லியமாகவே சொல்கிறது. ஆனால் அவர் எந்த ஆண்டில் அரியணை ஏறினார்? அவருடைய 52ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு சந்திரக் குறிப்பைக் கொண்டு கணக்கிட்ட ஆய்வாளர்கள் கி.மு. 1304, 1290, 1279 என மூன்று சாத்தியங்களை முன்வைத்தார்கள். இன்று 1279 பரவலாக ஏற்கப்படுகிறது. 1274 என்ற போர் ஆண்டு அதிலிருந்தே வருகிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு வானியல் செய்தி. 365 நாள் கொண்ட 25 எகிப்திய ஆண்டுகள் ஏறத்தாழ மிகச் சரியாக 309 சந்திர மாதங்களுக்குச் சமம். ஆகவே, 25 ஆண்டு தள்ளிப் போய் இறங்கியவருக்கும் அதே எகிப்தியத் தேதியில் அதே வளர்பிறையோ தேய்பிறையோதான் வானில் தெரியும். நிலவைப் பார்த்து ஆண்டைச் சரிபார்க்க முடியாது. கோள்களின் இருப்பிடத்தைப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும்.

இந்த ஒரு செய்தியிலிருந்து நாவலின் முதல் நான்கு அத்தியாயங்கள் கிடைத்தன. மூவரும் இறங்கிய இரவில் வானம் மேகமூட்டமாக இருக்கிறது. மேகம் விலகும்போது முதலில் நிலவு மட்டும் தெரிகிறது. பொறியாளர் மகிழ்கிறார், வரலாற்றாய்வாளர் மகிழவில்லை. எகிப்திய நாட்காட்டியில் மிகுநாள் கிடையாது என்பதால் அது நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்திலிருந்து விலகிக்கொண்டே போகும். மூன்று ஆண்டுகளில் எதில் இறங்கினாலும் பருவத்தில் வேறுபாடு அதிகபட்சம் ஒரு வாரத்துக்குள்தான் இருக்கும் என்பதால், வயலில் வாற்கோதுமை முற்றியிருக்கும் நிலையை வைத்தும் ஆண்டைச் சொல்ல இயலாது. ஆய்வாளர்கள் தயங்கும் இடங்களைச் சலிப்பான அடிக்குறிப்புகள் என்று கருதி ஒதுக்கிவிடாதீர்கள் என்பேன். கதைக்குரிய பதற்றம் அங்கேதான் சேர்ந்து கிடக்கிறது.

நான் அதிக நாள் செலவிட்டது ஒற்றர்கள் பகுதியில். போரின் போக்கையே தீர்மானித்த நிகழ்ச்சி அது. ராம்சேஸின் படை அமுன், ரே, ப்தா, சேத் என்னும் தெய்வங்களின் பெயர் தாங்கிய நான்கு பிரிவுகளாக, இடைவெளி விட்டு வடக்கு நோக்கி வருகிறது. ஆற்றைக் கடக்கும் துறைக்கு அருகே ஷாசு நாடோடிகள் இருவர் அரசரிடம் வந்து, தாங்கள் ஹிட்டைட்டுகளை விட்டு விலகி எகிப்தின் பக்கம் சேர விரும்புவதாகவும், முவத்தல்லி அஞ்சி வெகு தொலைவில் வடக்கே அலெப்போ நாட்டிலேயே தங்கிவிட்டதாகவும் கூறுகிறார்கள். அவர்களை அனுப்பியதே முவத்தல்லிதான். ராம்சேஸ் அதை நம்பி, அமுன் பிரிவோடு மட்டும் விரைந்து சென்று காதேஷின் வடமேற்கே பாசறை அமைக்கிறார். அதே நேரத்தில் முவத்தல்லி முழுப் படையோடும் நகரத்துக்குப் பின்புறம் மறைந்து நிற்கிறார். பிறகு ஹிட்டைட் வேவுகாரர்கள் இருவர் பிடிபட்டு, அடி தாங்காமல் உண்மையைச் சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது. பாசறையை நோக்கி வந்துகொண்டிருந்த ரே பிரிவை ஹிட்டைட் தேர்கள் பக்கவாட்டில் தாக்கிச் சிதறடிக்கின்றன.

எகிப்துக்கு ஒரு முறை பயணம் செய்தபோது அபு சிம்பல் பெருங்கோயிலின் தூண் மண்டபத்தில், வடக்குச் சுவரில் இருக்கும் காதேஷ் சிற்பங்களின் முன் நெடுநேரம் நின்றேன். மேலே அரசர் அரியணையில் அமர்ந்து அதிகாரிகளோடு ஆலோசனை நடத்துகிறார். அவருக்குக் கீழே அந்த வேவுகாரர்கள் தடியடி படுகிறார்கள். பாசறையைச் சுற்றிக் கேடயங்களை வரிசையாக நிறுத்தி வேலி அமைத்திருக்கிறார்கள். போரைக் காட்டும் சுவரில் இத்தனை அன்றாட வேலைகளுக்குச் சிற்பி இடம் ஒதுக்கியிருப்பதை நேரில் பார்த்த பிறகுதான், என் நாவலின் மையக் காட்சி பாசறைக்குள் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சிற்பங்களைப் புத்தகத்தில் பார்ப்பவர்கள் அரசர் இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். எழுத்தாளருக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கே இருக்கிறது.

இப்போது என் மூவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஷாசு இருவர் அரசரிடம் பொய் சொல்லும்போது வரலாற்றாய்வாளர் சற்றுத் தள்ளி, சுமைக் கழுதைகளுக்கு அருகே நிற்கிறார். அது பொய் என்பது அந்தப் பாசறையிலேயே அவருக்கும் அந்த இருவருக்கும் மட்டும் தெரியும். அவர் வாயைத் திறந்தால் ரே பிரிவின் ஆயிரக்கணக்கான வீரர்கள் பிழைக்கலாம். இந்த இடத்தில் பெரும்பாலான காலப்பயணக் கதைகள் முரண்பாட்டுத் தருக்கத்துக்குள் நுழைந்துவிடுகின்றன: வரலாற்றை மாற்றினால் பயணியே பிறந்திருக்க மாட்டார், ஆகவே மாற்றக் கூடாது என்று ஒரு விதி வரும். அந்த விதியை நானும் பல வாரங்கள் வைத்திருந்தேன். காட்சி உயிரற்றுக் கிடந்தது. காரணம், விதி என்பது எழுத்தாளர் மேலிருந்து போடும் பூட்டு. பாத்திரங்களுக்கு அதில் வேலையில்லை.

விதியை நீக்கிவிட்டு அவரைப் பேச வைத்தேன். அவர் தெரிந்த மொழியில், அதாவது எகிப்திய அதிகாரிகளில் சிலருக்கு மட்டும் புரியும் அக்காடியத்தில், ஹிட்டைட் அரசர் நகரத்துக்குப் பின்னால் நிற்கிறார் என்று சொல்கிறார். யார் நம்புவார்கள்? அந்நியப் பெண், உடையும் உச்சரிப்பும் எந்த ஊரையும் சாராதவை, எதிரி நாடும் எழுதும் மொழியில் பேசுகிறார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. ஷாசு இருவருக்கோ குலம் இருக்கிறது, தலைவன் இருக்கிறான், கட்சி மாறுவதற்கான காரணம் இருக்கிறது. அவர்கள் சொல்வது அரசர் கேட்க விரும்பிய செய்தியும்கூட. உண்மை சொன்னவரைக் கட்டிவைக்கிறார்கள், பொய் சொன்னவர்களுக்கு உணவு கொடுக்கிறார்கள். வரலாறு தன்னைத் தானே காத்துக்கொள்ள எந்த இயற்பியல் விதியும் தேவைப்படவில்லை. மனிதர்கள் யாரை நம்புவார்கள், ஏன் நம்புவார்கள் என்ற பழக்கமே போதுமானதாக இருந்தது. காலப்பயணக் கதை எழுதுகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: வரலாற்றை மாற்ற முடியாமைக்கான காரணத்தை அந்தக் காலத்துச் சமூகத்துக்குள்ளேயே தேடுங்கள். அரசவையில் யாருக்குப் பேச உரிமை இருந்தது, சாட்சி என்று யாரை ஏற்றார்கள், அந்நியரை எப்படி நடத்தினார்கள் என்பதையெல்லாம் படியுங்கள். முரண்பாடு தானே தீரும், பாத்திரமும் உயரும்.

போர்க்காட்சியை எழுதுவதில் வேறு விதமான இடர்ப்பாடு. பொதுவாக நாம் போரை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் எழுதிப் பழகியிருக்கிறோம்; இடப்படை வளைந்தது, வலப்படை பின்வாங்கியது என்று வரைபடத்தை வாக்கியமாக்குகிறோம். களத்தில் நிற்கும் ஒருவருக்கு அப்படித் தெரியாது. தேர்ப்போரில் என்னதான் தெரியும் என்பதை அறிய வேறு வழி இல்லாமல், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் நடக்கும் மாட்டுவண்டி, குதிரைவண்டிப் பந்தயங்களுக்குப் போனேன். அங்கே வண்டி ஓட்டுபவரைச் சாரதி என்றே அழைக்கிறார்கள். அவரோடு துணைச் சாரதியும் உண்டு. எகிப்தியத் தேரிலும் இருவர்தாம்: ஓட்டுபவர் ஒருவர், வில்லாளி ஒருவர். பந்தயம் ஓய்ந்த பின், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த முதிய சாரதி ஒருவரிடம் என் ஐயங்களைக் கேட்டேன்.

"ஐயா, முன்னால ஒரு வண்டி போகும்போது பின்னால வர்றவருக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது தம்பி. ஒட்டிப் போனா புழுதி மாட்டுக் கண்ணுல அடிக்கும், அது மெரண்டுரும். ஒதுங்கித்தான் போகணும். காதுதான் நமக்குக் கண்ணு."

"திரும்புற எடத்துல?"

"அங்கதான் தம்பி பந்தயமே. நேரா ஓட்டுறதுக்கு யாரு வேணும்னாலும் போதும். திருப்புறதுக்குத்தான் சாரதி வேணும். துணைக்கு வர்றவன் எறங்கி ஓடி மாட்டத் தள்ளலன்னா, வண்டி அகலமாப் போயிரும்."

இந்தச் சிறு உரையாடல் என் போர் அத்தியாயத்தையே மாற்றி அமைத்தது. எகிப்தியச் சிற்பங்களில் ஹிட்டைட் தேரில் ஓட்டுபவர், கேடயம் பிடிப்பவர், ஈட்டி வீரர் என மூவர் நிற்கிறார்கள். மூன்றாமவரின் எடையோடு அந்தத் தேர் நேரான தாக்குதலில் வலிமை பெற்றிருக்கும், திரும்பும்போது தாமதப்பட்டிருக்கும். ஆறு ஆரங்கள் கொண்ட மெல்லிய சக்கரமும், பின்கோடியில் அச்சும் கொண்ட எகிப்தியத் தேர் குறுகிய வட்டத்தில் திரும்பக்கூடியது. பாசறைக்குள் புகுந்து கொள்ளையில் இறங்கிய ஹிட்டைட்டுகள் மறுபடி அணிவகுக்கத் திணறியதற்கும், கடற்கரைப் பக்கத்திலிருந்து தக்க நேரத்தில் வந்த ‘நெஆரின்’ என்னும் எகிப்தியத் துணைப்படையால் அவர்கள் ஆற்றை நோக்கித் தள்ளப்பட்டதற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். நாவலில் அதை ஊகமாகவே, பொறியாளரின் வாயில் வைத்தேன். போர் அத்தியாயம் முழுவதையும் செவிவழியாக எழுதினேன். மருத்துவர் ஒரு வண்டியின் அடியில் படுத்திருக்கிறார். புழுதிக்குள் சக்கர ஒலி எங்கே கனக்கிறது, எங்கே சிதறுகிறது என்பதை வைத்தே யார் வருகிறார்கள் என்று அறிகிறார். வெற்றி தோல்வி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அந்த நேரத்தில் அவருக்கு இல்லை.

இறந்தவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வெட்டிய கைகளைக் குவித்து எழுத்தர்கள் எண்ணுவதை எகிப்தியப் போர்ச் சிற்பங்களில் காணலாம். கொன்ற எதிரிகளின் கணக்கு அப்படித்தான் எடுக்கப்பட்டது. காலப்பயணம் என்னும் வியப்பு, வாசகரை அந்தக் குவியலைத் தாண்டி விரைவாக அழைத்துச் சென்றுவிடக்கூடியது. மருத்துவரை மூவரில் ஒருவராக வைத்ததே அதனால்தான். அவருடைய பையில் இருக்கும் மருந்துகள் எத்தனை பேருக்குப் போதும், யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்ற கேள்வியில் ஓர் அத்தியாயம் முழுவதும் நிற்கிறது. அதைச் சுருக்கச் சொன்ன நண்பர்களுக்கு நான் இணங்கவில்லை.

பொருள்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். தமிழில் எழுதும்போது கை தன்னையறியாமல் நம் ஊர்ப் பொருள்களை எடுத்து வைக்கும். பாசறையில் முரசு முழங்கும், வீரன் பருத்தித் துணியால் வியர்வை துடைப்பான், ஒட்டகம் வரிசையாக நடக்கும். ராம்சேஸின் படையில் உடை ஆளியிழைத் துணி. சுமை தூக்கியவை கழுதைகளும் மாட்டு வண்டிகளும். படைகளில் ஒட்டகம் வழக்கத்துக்கு வந்தது மிகவும் பின்னர். ஆயுதங்கள் பெரும்பாலும் வெண்கலம். நாணயம் உலகில் எங்குமே இன்னும் தோன்றவில்லை, ஆகவே பயணிகள் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது; பண்டமாற்றுக்கு எதைக் கொண்டு செல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. குதிரையின் வேலை முக்கியமாகத் தேர் இழுப்பதே. குதிரையில் செல்பவர் கால் ஊன்றும் அங்கவடி வர இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். உணவு என்றால் ரொட்டி, வாற்கோதுமை பியர், வெங்காயம், உலர்ந்த மீன். நான் செய்த ஏற்பாடு எளிமையானது: ஒரு குறிப்பேட்டில் இல்லாதவற்றுக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்தபின் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இருப்பவற்றின் பட்டியலைவிட இல்லாதவற்றின் பட்டியலே அதிகம் உதவியது.

பேச்சு மொழிக்கு நான் கண்ட வழியையும் சொல்லிவிடுகிறேன். எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் குறிக்கப்படவில்லை. எனவே அவர்கள் பேசியது எப்படி ஒலித்தது என்பதற்கு வெளியார் எழுதிவைத்தவை முக்கியமான சான்று. நாம் புத்தகங்களில் உசெர்மாத்ரே செதெபென்ரே என்று படிக்கும் ராம்சேஸின் அரியணைப் பெயர், ஹத்துசாவில் கிடைத்த அக்காடியப் பலகைகளில் வாஷ்முவாரியா ஷாதெப்னாரியா என்று இருக்கிறது. நூல்களில் கற்ற உச்சரிப்போடு அங்கே போய் இறங்குபவருக்கு அரசரின் பெயர்கூட முதலில் விளங்காது. அந்தக் குழப்பத்தை ஒரே ஒரு காட்சியில் முழுமையாகக் காட்டிவிட்டு, பிறகு எல்லாரையும் இயல்பான தமிழில் பேச வைத்தேன். அரசருக்குக் காப்பியத் தமிழ், சிப்பாய்க்கு வட்டார வழக்கு என்று பிரிப்பதை நான் விரும்பவில்லை. சிப்பாயை மதுரைக்காரராகவோ கோவைக்காரராகவோ ஆக்கினால் ஒரோண்டீஸ் ஆறு வாசகரின் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இயந்திரத்தைப் பற்றி நாவலில் மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறேன். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. காலத்தில் மட்டும் நகரும் இயந்திரம் வெற்று வெளியில்தான் போய் நிற்கும். ஆகவே இயந்திரம் பூமியின் ஈர்ப்போடு பிணைந்தது என்று ஒரே பத்தியில் சொல்லிவிட்டேன். இன்னொரு நுட்பம் கதைக்கு நேரடியாகப் பயன்பட்டது. பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்ந்துவருகிறது. கி.மு. 136இல் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. சுழற்சி மாறவே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் அந்த நிழல் பாபிலோனுக்கு வெகு மேற்கே விழுந்திருக்க வேண்டும். காதேஷ் காலத்துக்குப் பின்னோக்கிப் போனால் இந்த வேறுபாடு பல மணி நேரமாகிறது. விடியற்காலையில் இறங்கத் திட்டமிட்ட மூவர் முந்தைய இரவிலேயே இறங்குவதற்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குக் கிடைத்திருக்காது. அறிவியல் செய்தி ஒன்று பாத்திரத்தின் ஒரு நாளையாவது புரட்டிப்போடுமானால் அதை வைத்துக்கொள்ளுங்கள். அறிவைக் காட்ட மட்டும் பயன்படுமானால் எவ்வளவு அழகானதாயினும் நீக்கிவிடுங்கள்.

எதிர்த்தரப்புக்கும் பேச்சு கொடுக்க வேண்டும் என்பது பலரும் சொல்வது. காதேஷில் அது கடினமாக இருந்தது, ஏனெனில் களத்தைப் பற்றிய படங்கள் அனைத்தும் எகிப்தியருடையவை. இந்தப் போரைக் காட்டும் ஒரு சிற்பத்தைக்கூட ஹிட்டைட்டுகள் நமக்கு விட்டுச் செல்லவில்லை. ராமேசியத்துச் சுவரில் ஒரு காட்சி: ஆற்றில் மூழ்கி மீட்கப்பட்ட அலெப்போ அரசரை, வயிற்றில் போன நீரை வெளியேற்ற, அவருடைய வீரர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். எகிப்தியச் சிற்பி அதை எதிரியை இழிவுபடுத்தவே செதுக்கியிருப்பார். ஆனால் அதே காட்சியைக் கரையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், தங்கள் தலைவரின் உயிரைக் காக்கப் போராடும் மனிதர்களைத்தான் காண்கிறோம். என் மருத்துவரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்தினேன். ஒருதரப்புச் சான்று மட்டுமே கிடைக்கும்போது, சான்றைத் தள்ளிவிடாமல் பார்வையாளரின் இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். மறுதரப்பு மெல்லப் பேசத் தொடங்கும்.

நாவல் போரோடு முடியவில்லை. ராம்சேஸின் 21ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1259 வாக்கில், முவத்தல்லியின் தம்பியான மூன்றாம் ஹத்துசிலியோடு உடன்படிக்கை ஏற்படுகிறது. இரு தரப்பு வாசகமும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சமாதான உடன்படிக்கை அது. எகிப்திய வாசகம் கர்னாக் சுவரிலும், அக்காடிய வாசகம் 1906இல் ஹத்துசாவில் தோண்டி எடுக்கப்பட்ட களிமண் பலகையிலும் இருக்கின்றன. அதற்குப் பிறகும் காதேஷ் பற்றிய பேச்சு ஓயவில்லை. ராம்சேஸ் ஹத்துசிலிக்கு அனுப்பிய கடிதம் ஒன்றில், தாம் அன்று தனியாக நின்று போரிட்டதை மீண்டும் வலியுறுத்துகிறார். மறுதரப்பு அதை ஏற்கவில்லை என்பது அந்த வலியுறுத்தலிலிருந்தே புலப்படுகிறது. ராம்சேஸின் தலைநகரான பி-ராம்சேஸ் இருந்த கந்தீர் என்னும் ஊரில், ஹிட்டைட் பாணிக் கேடயங்கள் செய்வதற்கான கல் அச்சுகள் அகழ்வாய்வில் கிடைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் எந்தக் கேடயத்தின் மீது எகிப்தியர் அம்பெய்தார்களோ, அதே பாணிக் கேடயம் எகிப்தியத் தலைநகரிலேயே செய்யப்பட்டது. பாசறையில் கட்டிவைக்கப்பட்டு, தோழர்களால் மீட்க முடியாமல் தங்கிவிட்ட வரலாற்றாய்வாளர், முதிய வயதில் அந்தப் பட்டறையில் இரு மொழியும் அறிந்தவராக வேலை செய்கிறார் என்று கடைசிப் பகுதியை அமைத்தேன்.

எழுதி முடித்த கைப்பிரதியை வெவ்வேறு பழக்கம் உடைய வாசகர்களிடம் கொடுப்பது நல்லது. வரலாறு படித்தவர் ஒருவர், அறிவியல் புனைகதை மட்டுமே படிப்பவர் ஒருவர், இரண்டிலும் ஆர்வமில்லாத ஒருவர் என்று கொடுத்தேன். மூன்றாமவர் குறித்த இடங்களே எனக்கு அதிகம் பயன்பட்டன. ஊர்ப்பெயர்கள் அடர்ந்து கிடந்த பக்கங்களை அவர் தயக்கமின்றிக் காட்டினார். அவர் சொல்லித்தான் முதல் அத்தியாயத்துக்கு முன் ஆறு, நகரம், நான்கு படைப்பிரிவுகள் ஆகியவற்றின் இருப்பிடத்தைக் காட்டும் கைவரைபடம் ஒன்றைச் சேர்த்தேன்.

நாவலின் இறுதியில் ஆசிரியர் குறிப்பு ஒன்றையும் இணைத்திருக்கிறேன். ஒற்றர்களின் பொய், நெஆரின் படையின் வருகை, அலெப்போ அரசர், உடன்படிக்கை, கேடய அச்சுகள் ஆகியவை சான்றுள்ளவை. தேர்களின் எண்ணிக்கை எகிப்தியர் சொன்னது மட்டுமே. அடுத்த நாள் என்ன நடந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாசறையில் பேசிய பெண் முழுக்க என் கற்பனை. இதை இரண்டே பக்கத்தில், கதையின் நடையிலிருந்து விலகி, நேரடியாக எழுதினேன்.